பாசி வயிற்றுக்குள் என்ன செய்கிறது?

மூலத்துக்கு மருந்து கேட்டு வருகிறவர், கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவார். முதலில் பனடோல் ஒரு கார்ட் கேட்பார். பிறகு ஒரு சித்தாலேப தைலம். காசைத் தந்துவிட்டு, மிச்சத்தை எடுக்காமல் நின்று, குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, அந்த வருத்தத்துக்குப் பூச ஏதும் இருக்கா?" என்பார். திருகோணமலையில் ஒரு மருந்துக்கடையில் 15 வருடமாக நிற்கிறேன். எந்த வருத்தம் என்று நான் திருப்பிக் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "கடற்பாசி காய்ச்சிக் குடிச்சா மூலம் கரைஞ்சு போகுமாமே, உண்மையா?" சிலர் கைபேசியில் யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டுவார்கள். சிலருக்கு அது வீட்டு வழக்கம். கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு திறக்கும்போது கடற்பாசி இல்லாத வீடு குறைவு. எங்கள் வீட்டில் அம்மம்மா, கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் பாசிக்கஞ்சி காய்ச்சுவார். வயிறு காய்ந்து போகாமல் இருக்கும் என்பார். வயிற்றோட்டம் நின்ற பிறகும் அதையே தருவார். இறுகினாலும் பாசி, இளகினாலும் பாசி என்பது எனக்குச் சின்ன வயதில் விளங்கவேயில்லை.

என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பாசி மூலத்தைக் கரைக்காது. ஆனால் மூலம் உள்ளவருக்குப் பாசி உதவும். கடையில் ஆள் வருவதற்குள் இந்த இரண்டு வசனத்துக்கு மேல் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

எந்தப் பாசி?

குளத்தில் மிதப்பதும் பாசி, கிணற்றுச் சுவரில் வழுக்குவதும் பாசி, கழுத்தில் கட்டுகிற மணியும் பாசி. இந்தியச் சமையல் வீடியோக்களில் வருகிற கல்பாசி கடலில் விளைவதே இல்லை. அது பாறையிலும் மரப்பட்டையிலும் படர்வது. அதை வாங்கிக் காய்ச்சிவிட்டு, "இறுகவே இல்லை" என்று வந்து கேட்டவர்களும் உண்டு.

கடலில் வளர்பவற்றை நிறத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்: பச்சை, சிவப்பு, பழுப்பு. பச்சையை இந்தக் கட்டுரையில் விட்டுவிடலாம். வயிற்று வைத்தியத்துக்கு வருவது மற்ற இரண்டும்தான். சிவப்புப் பாசிகளிலிருந்து அகர் என்ற களி கிடைக்கிறது. பழுப்புப் பாசிகளிலிருந்து அல்ஜினேட் என்ற களி கிடைக்கிறது. இரண்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வேலை செய்யும் இடம்தான் வேறு. அகர் குடலில் வேலை செய்யும், அல்ஜினேட் இரைப்பையில்.

நம் பக்கத்துப் பாசி சிவப்பு வகை. விஞ்ஞானப் பெயர் கிரசிலேரியா எடுலிஸ். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்தில் இதற்குக் கஞ்சிப்பாசி என்றே பெயர், கஞ்சி காய்ச்ச உதவியதால். தம்பலகாமக் குடாவிலும் கொட்டியாரக் குடாவிலும் ஆழம் குறைந்த இடங்களில் நூல் நூலாகக் கிளைவிட்டு வளரும். கடலில் இருக்கும்போது மங்கிய சிவப்பாகவோ கபிலமாகவோ இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவிக் கழுவி வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து வைக்கோல் போலாகிவிடும்.

இந்தப் பாசிக்கு ஒரு காலத்தில் உலகம் முழுக்க நம் நாட்டுப் பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருந்து நூல்களில் இது "சிலோன் மொஸ்". கல்பிட்டிப் பக்கத்தில் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் தமிழர்கள் இதைச் சேர்த்து, பாயில் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் பல தடவை கழுவி மீண்டும் வெயிலில் போட்டு வெளுக்க வைத்தார்கள் என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. 1868இல் வெளியான இந்திய மருந்துக் கோவையிலும் இது இடம்பெற்றது. அதற்கு முன்னர், 1830களில், கல்கத்தாவில் வேலை செய்த அயர்லாந்து வைத்தியர் வில்லியம் ஓஷாக்னசி இதை ஆராய்ந்து, பாதிக்கு மேல் களிப்பொருள்தான் என்று கண்டார். இந்த மனிதரை நான் வேறொரு காரணத்துக்காகவும் நினைப்பதுண்டு. கொலரா நோயாளியின் இரத்தம் தண்ணீரையும் உப்பையும் இழந்துவிடுகிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1831இலேயே சொன்னவர் இவர். வயிற்றோட்டக்காரருக்கு நான் கடையில் தினமும் எடுத்துக் கொடுக்கிற, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பைக்கற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது.

37 பாகையில் உருகாத களி

இன்று கடையில் வெள்ளை நாடாவாகவோ தூளாகவோ கிடைக்கும் அகர் அகர், சைனா கிராஸ் எல்லாம் இதைப் போன்ற சிவப்புப் பாசிகளிலிருந்து எடுத்த களிதான். அகர் அகர் என்பது மலாய்ச் சொல். காயவைத்த அகரை முதலில் செய்தவர்கள் ஜப்பானியர். 17ஆம் நூற்றாண்டில் ஒரு விடுதிக்காரர் மிஞ்சிய பாசிக் களியைக் குளிர்கால இரவில் வெளியே கொட்டினாராம். அது இரவில் உறைந்து, பகலில் உருகிக் காய்ந்து, சருகு போலானதாம். அதை மீண்டும் காய்ச்சினால் மீண்டும் களியானதாம். அங்கே இப்படித்தான் கதை சொல்கிறார்கள்.

இந்தக் களியின் உண்மையான குணம் வெளிப்பட்டது அடுக்களையில் இல்லை, நோய்க்கிருமி ஆராய்ச்சிக் கூடத்தில். ரொபர்ட் கொக் ஜெர்மனியில் கிருமிகளை வளர்த்துப் பார்த்த காலத்தில், விலங்கு எலும்பிலும் தோலிலும் எடுக்கிற ஜெலற்றினைத்தான் கிருமி வளரும் தட்டில் ஊற்றினார்கள். மனிதக் கிருமிகள் நன்றாக வளர உடற்சூடு வேண்டும், அதாவது 37 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் ஜெலற்றின் உருகி ஓடிவிடும். சில கிருமிகள் அதைத் தின்றும் தீர்த்துவிடும். அவருடைய கூடத்தில் வேலை செய்த வோல்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி பானி ஹெஸ்ஸே, தன் வீட்டில் பழக்கூழ் இறுகப் போடுகிற அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். 1882இல் இருந்து இன்றுவரை ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது அகர்தான். ஒரு சமையலறையின் அறிவு இத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கிருமித் தட்டில் அகரைக் காப்பாற்றிய அதே குணம்தான் நம் குடலிலும் வேலை செய்கிறது. ஒருமுறை இறுகிய அகர் மீண்டும் உருக ஏறத்தாழ 85 பாகைச் சூடு வேண்டும். நம் உடம்பின் சூடு 37. ஆக, விழுங்கிய களி குடலுக்குள் களியாகவே இருக்கிறது. அதைக் கரைக்க நம் செரிமான நீர்களாலும் முடியாது. பைக்கற்றில் வருகிற ஜெலி பெரும்பாலும் ஜெலற்றின். அது வாயிலேயே உருகி, இறைச்சியைப் போலச் செரித்துப் போய்விடும். வயிற்றுக்கு நல்லது என்று பிள்ளைக்குக் கலர் ஜெலி வாங்கிக் கொடுக்கிற தாய்மாருக்கு இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் சொல்வேன். பாசிக் களி தாவரத்தைச் சேர்ந்தது போலக் கொள்ளப்படுவதால் மரக்கறி மட்டும் உண்கிறவர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் தயக்கம் இல்லாமல் உண்ணலாம் என்பதும் ஒரு வசதி.

குடலில் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் இருக்கின்றனவே, அவை இதைத் தின்னாதா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 2010இல் ஓர் ஆராய்ச்சிக் குழு, நோரி என்ற சிவப்புப் பாசியை உடைக்கும் மரபணுவை ஜப்பானியர் குடலில் வாழும் ஒரு பக்டீரியாவில் கண்டுபிடித்தது. கடலில் பாசியைத் தின்று வாழும் பக்டீரியாவிடமிருந்து அது வந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பாசி தின்றதில் ஒட்டிக்கொண்டு வந்த சொத்து அது. எப்போதாவது பாசி சாப்பிடுகிற நம் குடலில் பாசிக் களி பெரும்பாலும் முழுசாகவே கடைசிவரை பயணம் செய்யும்.

அப்படிப் பயணம் செய்யும்போது அது கூடவே தண்ணீரைக் கொண்டு போகிறது. 1 கிராம் அகர், 100 மில்லிலீற்றர் தண்ணீரைக் களியாகப் பிடித்து நிறுத்தும். பெருங்குடலின் வேலை மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. மலம் அங்கே தங்கத் தங்க, காய்ந்து கட்டியாகிறது. பாசி பிடித்து வைத்திருக்கிற தண்ணீரைக் குடலால் எளிதில் பிடுங்க முடியாது. அதனால் மலம் ஈரமாகவும் பருமனாகவும் இருக்கும். பருமனான மலம் குடற்சுவரை மெல்ல விரிக்க, குடல் தானாகச் சுருங்கி அதைத் தள்ளும். முக்க வேண்டியதில்லை.

அம்மம்மாவின் இரண்டு பக்க வைத்தியமும் இங்கேதான் விளங்குகிறது. மலம் இறுகினால் களி தன் தண்ணீரைக் கொடுத்து இளக்கும். வயிற்றோட்டத்துக்குப் பிறகு, அதே களி குடலில் அலைகிற தண்ணீரைத் தன்னோடு சேர்த்துப் பிடித்து, மலத்துக்கு ஓர் உருவம் தரும். வெந்தயமும், கடையில் விற்கிற இசப்கோல் உமியும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் நீரில் களியாகும் நார். இந்த ஒரு கருத்து பிடிபட்டால் போதும், இப்படிக் களியாகும் எந்த மூலிகையை யார் விற்றாலும் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று நீங்களே ஊகித்துவிடலாம்.

மூலம் என்பது என்ன?

மூலம் வந்தவர்கள் ஏதோ புதிதாக ஒரு கட்டி முளைத்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். முளைக்கவில்லை. ஆசனவாயின் உட்சுவரில் இரத்தக்குழாய் நிறைந்த மெத்தை போன்ற சதை எல்லோருக்கும் பிறப்பிலேயே இருக்கிறது. காற்றும் மலமும் கசியாமல் வாயை அடைத்து வைப்பது அதுதான். மலம் கட்டியாகி, மூச்சைப் பிடித்து முக்க முக்க, அந்த மெத்தைக்குள் இரத்தம் தேங்கி வீங்கும். தாங்கிப் பிடிக்கிற நார்கள் தளர்ந்து, மெத்தை கீழே சரியும். மணிக்கணக்காக இருந்த இடத்தில் இருந்து வேலை செய்கிற ஓட்டோக்காரர், தையல்காரர், கக்கூசில் கைபேசியோடு அரை மணித்தியாலம் குந்துகிற இளைஞர், கர்ப்பிணிப் பெண்கள் — எல்லோருக்கும் அந்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது.

உள்மூலத்தில் பொதுவாக வலி இருக்காது. மலம் போன பிறகு பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டும். முதல் நிலையில் வெளியே எதுவும் தெரியாது. இரண்டாம் நிலையில் முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போகும். மூன்றாவதில் விரலால் தள்ள வேண்டும். நான்காவதில் தள்ளினாலும் போகாது. வெளிமூலத்தில் இரத்தம் உறைந்தால் திடீரென்று கடுமையாக வலிக்கும். கண்ணாடித் துண்டு வெட்டுவது போல மலம் போகும்போது வலித்தால் அது பெரும்பாலும் மூலமில்லை, ஆசனவாய்த் தோலில் வந்த வெடிப்பு. கடைக்கு "மூலம்" என்று வருகிறவர்களில் பலருக்கு இருப்பது வெடிப்பாகத்தான் இருக்கும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்கும்போதே தோன்றும். வெடிப்புக்கும் மலம் இளகுவதுதான் முதல் ஆறுதல்.

சித்த மருத்துவத்தில் மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறார்கள். துத்தி இலை, கருணைக்கிழங்கு, கடுக்காய் என்று அதற்குத் தனி மருந்து வரிசையே உண்டு. நம் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். ஊரில் இத்தனை அருகில் முறையாகப் படித்தவர்கள் இருக்கும்போது, பெயர் தெரியாத வீடியோவை நம்பி மருந்து குடிப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. பரியாரிமார் மூலத்தைச் சூட்டு வருத்தம் என்பார்கள். என் அனுபவத்தில், அந்தச் சூடு என்ற சொல்லுக்குள் மலம் காய்ந்து போவதும் தண்ணீர் குறைவதும் அடங்கியிருக்கின்றன. கச்சான் மாதங்களில் நான் விற்கிற மூலக் களிம்பு கூடுவதைப் பார்த்திருக்கிறேன். வேர்வையாகத் தண்ணீர் போகிறது, குடிப்பது குறைகிறது, குடல் மிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது.

இனி, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சரிந்த மெத்தையைப் பாசி மேலே தூக்கி வைக்காது. தளர்ந்த நாரை இறுக்காது. ஆனால் மலம் இளகினால் முக்குவது குறையும். முக்குவது குறைந்தால் மெத்தையில் இரத்தம் தேங்குவது குறையும், உரசிக் கிழிவதும் குறையும். முதல் இரண்டு நிலைகளில் இருப்பவருக்கு இதுவே பெரிய நிவாரணம். பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2005இல் வெளியிட்ட மீளாய்வொன்று, 7 ஆய்வுகளில் 378 நோயாளிகளைப் பார்த்து, நார்ச்சத்து எடுத்தவர்களில் இரத்தம் போவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் இசப்கோல் போன்ற நார், பாசி அல்ல. வேலை செய்யும் விதம் ஒன்று என்பதால் பாசிக்கும் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம், அவ்வளவே. சீன நாட்டு வைத்தியத்திலும் அகர் தருகிற பாசியொன்றைக் குடல் அழற்சிக்கும் இரத்தமூலத்துக்கும் கொடுக்கிறார்கள். வேறு வேறு கரையில் இருந்தவர்கள் ஒரே களியை ஒரே வருத்தத்துக்குத் தேடியிருக்கிறார்கள்.

நெஞ்செரிவுக்குப் பழுப்புப் பாசி

இது வேறு கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். புளிச்சேப்பத்துக்கும் நெஞ்செரிவுக்கும் கடையில் கொடுக்கிற கவிஸ்கோன் போன்ற வெண்ணிறப் பாணி மருந்தில் இருப்பது பழுப்புப் பாசியின் அல்ஜினேட். 1881இல் ஸ்டான்போர்ட் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்தது. இரைப்பை அமிலம் பட்டதும் அல்ஜினேட் களியாகும். மருந்தில் இருக்கிற சோடியம் பைகாபனேற்று அமிலத்தோடு சேர்ந்து வாயுவைக் கிளப்பும். அந்தக் குமிழ்கள் களிக்குள் சிக்க, களி தெப்பம் போல இரைப்பைச் சாற்றின் மேல் மிதக்கும். அமிலம் மேலே ஏறப் பார்த்தால் முதலில் தெப்பம் முட்டும். அதனால்தான் இதைச் சாப்பிட்ட பிறகு குடிக்கச் சொல்கிறோம். வெறும் வயிற்றில் குடித்தால் தெப்பம் சீக்கிரம் குடலுக்குள் போய்விடும். இதில் சோடியம் இருப்பதால் பிரஷர், இருதய, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அல்ஜினேட்டில் செய்த கட்டுத்துணியைச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் கசியும் புண்ணுக்கு வைப்பதுண்டு. அது இரத்தம் உறைய உதவும். இதைக் கேள்விப்பட்டு, கரையில் ஒதுங்கிய பாசியை அரைத்து மூலத்தில் வைத்துக் கட்டியதாக ஒருவர் சொன்னபோது நான் பதறிப்போனேன். ஆஸ்பத்திரித் துணி கிருமி நீக்கியது. கரைப்பாசியில் மணலும் உப்பும் கிருமியும் இருக்கும். புண்ணில் எந்தப் பாசியும் வைக்காதீர்கள்.

வீட்டில் செய்வது

கடையில் வாங்கிய அகர் நாடா 5 கிராம், தண்ணீர் அரை லீற்றர். நாடாவைக் கழுவி அரை மணித்தியாலம் ஊறவையுங்கள். பிறகு கொதிக்க விட்டு, ஒரு நூல்கூடத் தெரியாமல் கரையும்வரை கிண்டுங்கள். இதில் அவசரப்படக்கூடாது. கரையாத அகர் வயிற்றுக்குள் போய் ஊதுவது நல்லதல்ல. கரைந்த பிறகு தேங்காய்ப்பாலோ பசுப்பாலோ ஊற்றி, கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டு இறக்கிவிடலாம். குளிரூட்டியில் வைக்காமலே இறுகும். அம்மம்மாவின் கஞ்சி இறுகாது. அவர் பாசியைக் குறைத்து, பச்சரிசிக் குறுணலும் ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கத் தருவார். மூலம் உள்ளவருக்கு அந்தக் குடிக்கிற பதம்தான் எனக்குப் பிடித்தது, கூடவே தண்ணீரும் போகிறதே. நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பில்லாமல் செய்யுங்கள். நோன்பு காலத்தில் போடுகிற அளவு சீனியைத் தினமும் போட்டால் ஒரு வருத்தத்தைத் தீர்க்க இன்னொன்றை அழைப்பதாகிவிடும்.

இங்கே ஒரு கணக்கைக் கேளுங்கள். அகரில் ஐந்தில் நான்கு பங்கு நார். மேலே சொன்ன அளவில் செய்த களியை ஒரு கோப்பை, அதாவது 100 மில்லிலீற்றர் சாப்பிட்டால், கிடைக்கும் நார் 1 கிராம்கூட இல்லை. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே காலையில் பாணும் பருப்பும், பகலில் வெள்ளைச் சோறும் பொரித்த மீனும், இரவு கொத்துரொட்டியும் சாப்பிட்டுவிட்டுப் பாசியை மட்டும் நம்பினால் ஒன்றும் நடக்காது. முருங்கைக்கீரை, வல்லாரைச் சம்பல், தவிட்டோடு சிவப்பரிசி, கடலை, பப்பாசி, கொய்யா, இவை பாசியைவிடக் கூடிய வேலை செய்யும். பாசி அவற்றுக்குத் துணை. தண்ணீர் இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

தண்ணீர் இல்லாமல் பாசித்தூளை அப்படியே விழுங்குவது ஆபத்து. தொண்டையிலோ குடலிலோ ஊதி அடைத்துக்கொள்ளலாம். விழுங்கக் கஷ்டப்படுகிற வயதானவர்களுக்குத் தூளைக் கொடுக்கவே வேண்டாம். குடலடைப்பு வந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றக் குளிசைகளையும் பாசியையும் ஒன்றாக எடுத்தால் களி குளிசையைப் பிடித்துவைத்து மருந்து சேருவதைத் தாமதமாக்கும். இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் குளிசை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனம்.

கடலில் இறங்கிப் பிடுங்கலாமா?

நம் ஊரில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும், வாசலில் கடல் கிடக்கிறதே. என் பதில்: வேண்டாம்.

1991இல் குவாம் தீவில், வழக்கமாகச் சாப்பிட்டு வந்த கிரசிலேரியா குடும்பத்துப் பாசியைச் சாப்பிட்ட 13 பேர் நோயுற்று, 3 பேர் இறந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் பிலிப்பீன்ஸிலும் உயிர்கள் போயின. அங்கே குற்றவாளிகளில் ஒன்று நம் கஞ்சிப்பாசி இனமேதான். பாசியில் சில வேளைகளில் சேர்கிற ஒரு நஞ்சுதான் காரணம். பார்வைக்கோ மணத்துக்கோ அது தெரியாது. பாசி தான் நிற்கும் தண்ணீரில் உள்ள உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துறைமுகத்தையும் இறங்குதுறையையும் வாய்க்கால் கலக்கும் இடத்தையும் சுற்றி வளர்வதை வாயில் வைக்கக்கூடாது. பாறைகளில் வளரும் சிறு காற்றுப்பைகளோடு கூடிய பழுப்புப் பாசியான சர்கசத்தை உணவாக்குவதும் வேண்டாம். அதே பேரினத்தைச் சேர்ந்த ஹிஜிக்கி என்ற ஜப்பானிய உணவுப் பாசியில் ஆசனிக் அதிகம் என்று பிரித்தானிய உணவு அதிகாரிகள் 2004இல் மக்களை எச்சரித்தார்கள். நம் கரைக்கு அருகே உள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கிருந்து ஒரு பாசித் துண்டைக்கூட எடுக்க அனுமதியில்லை.

அயடின் பற்றியும் ஒரு சொல். பெரிய பழுப்புப் பாசிகளில் அயடின் அளவு கடந்து இருக்கும். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடின் சேர்க்கிறார்கள். அதற்கு மேல் கெல்ப் என்ற பெரிய பழுப்புப் பாசியில் செய்த மாத்திரைகளை வாங்கி விழுங்கினால் தைரொயிட் குழம்பிவிடும். கழுவிக் காய்ச்சி வடித்தெடுத்த அகரில் இந்தப் பயம் மிகக் குறைவு. வீட்டு வைத்தியத்துக்கு அகர் போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

எப்போது பாசியை விட்டு வைத்தியரிடம் போவது?

இரத்தம் முதல் தடவையாகப் போனாலே ஒருமுறை காட்டிவிடுங்கள். மூலத்தின் இரத்தம் மலத்துக்கு மேலேயோ பிறகோ சிவப்பாகச் சொட்டும். மலத்தோடு கலந்து வந்தாலோ, தார் போலக் கறுத்து நாறினாலோ அது மேலே எங்கோ இருந்து வருகிறது. (இரும்புச்சத்துக் குளிசை எடுக்கிற கர்ப்பிணிகளுக்கும் மலம் கறுக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் சொல்லுங்கள்.) உடம்பு மெலிவது, சாப்பாடு பிடிக்காமை, இத்தனை நாள் இருந்த மலப்பழக்கம் காரணமில்லாமல் மாறுவது, களைப்பும் வெளிறலும், வீட்டில் யாருக்கும் குடற்புற்று இருந்தமை, 45 வயதுக்கு மேல் புதிதாக இரத்தம் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பாசிக்கஞ்சியில் ஒரு கிழமைகூடக் கழிக்காதீர்கள். மூலம் என்று தாமாகவே முடிவுகட்டி ஒன்றரை வருடம் களிம்பு பூசிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு இருந்தது மூலமில்லை. மாதா மாதம் அந்தக் களிம்பை எடுத்துக் கொடுத்தது நான்தான். அன்றிலிருந்து நான் களிம்பை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை.

மூலம்தான் என்று உறுதியானவர்களுக்கு, பாசியோடு இன்னும் இரண்டு: ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி அதில் 10, 15 நிமிடம் இருப்பது, கக்கூசில் 5 நிமிடத்துக்கு மேல் குந்தாமல் எழும்புவது. மூன்றாம் நான்காம் நிலைக்கு ஆஸ்பத்திரியில் றப்பர் வளையம் போடுவதிலிருந்து சத்திரசிகிச்சை வரை வழி உண்டு.

ஆனால் ஆஸ்பத்திரியில் வாய் திறந்து சொல்லத்தான் எல்லோருக்கும் கூச்சம். வரிசையில் நின்று, டொக்டரின் முன்னால் போய், "வயித்துக்குள்ள சாடையா நோகுது" என்று சொல்லி வயிற்றுக் குளிசையோடு திரும்பி வருகிறார்கள். அதனால் நான் கடையில் ஒரு சிறு துண்டுத்தாள் வைத்திருக்கிறேன். எத்தனை நாளாக இரத்தம் போகிறது, என்ன நிறம், மலத்தில் கலந்தா பிறகு சொட்டியா, வலிக்கிறதா, ஏதும் வெளியே வருகிறதா, அது தானாக உள்ளே போகிறதா, மெலிந்திருக்கிறேனா, என்ன குளிசைகள் எடுக்கிறேன் என்று அதில் கேள்விகள் இருக்கும். மேசையில் வைத்தே அவர்கள் நிரப்பிக்கொள்ளலாம். பேனையும் கொடுப்பேன். டொக்டரிடம் போய் ஒன்றும் பேச வேண்டாம், இந்தத் தாளை நீட்டினால் போதும் என்பேன். உங்கள் வீட்டிலும் யாராவது கக்கூசில் நேரம் கூட இருந்துவிட்டு முகம் வாடி வெளியே வந்தால், ஒரு கோப்பை பாசிக்கஞ்சியோடு இப்படி ஒரு தாளையும் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.